எக்ஸில்டா இறங்கியதும் ஓடிய லாரி

1

இந்தக் கதை ஒரு மறுப்பிலிருந்து வந்தது. எங்கள் தெருவில் ஒரு சாவு. பெட்டியைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும் என்று லாரிக்காரன் போனிஃபேஸிடம் கேட்கப் போனேன். எனக்கு மணல் அடித்தவன், செங்கல் கொண்டுவந்தவன், ஒருமுறை என் கட்டிலையும் பீரோவையும் யாருடைய ஆடுகளோடோ சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்தவன். எதற்கும் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்ததில்லை. பெட்டி என்றதும் தலையை ஆட்டினான்.

"வேற யாரையாவது பாருங்க சார். ஆடு ஏத்துவேன், கரி ஏத்துவேன். பெட்டி ஏத்தறதில்ல."

ஏன் என்று சும்மா கேட்டேன். பதிலை அவன் ஒரே நாளில் சொல்லி முடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறொரு இடத்தில் ஆரம்பித்தான், நடுவில் எழுந்து போனான். எழுத உட்கார்ந்தபோது எனக்கும் அதே வியாதி வந்தது. அடித்துப்போட்ட தொடக்கங்கள் இவை:

"ராட்வெல் கசோன்சோ மஞ்சள் காமாலையில் செத்தான்." (இது ஆஸ்பத்திரி சொன்னது. அவனுடைய வீட்டார் சொன்னது வேறு. முதல் வரியிலேயே நான் ஒரு பக்கம் சேர்ந்துவிடக் கூடாது.)

"ஸ்டார்ட்டே ஆகாத லாரியைவிட, ஸ்டார்ட் ஆகி நின்றுபோகிற லாரி மோசமானது." (காலண்டர் வாசகம் மாதிரி இருக்கிறது. ஆனால் போனிஃபேஸ் இதை மெய் என்கிறான். ஸ்டார்ட்டே ஆகாவிட்டால் எல்லோரும் இறங்கி நடந்திருப்பார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.)

"எக்ஸில்டா லாரியிலிருந்து தானாகத்தான் இறங்கினாள்."

மூன்றாவது உண்மை. ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் அவள் ஏன் ஏறினாள் என்று சொல்லப் பின்னால் போக வேண்டும். நேராகவே போகிறேன்.

2

ராட்வெல் எங்கள் ஊர் சொல்வெசிக்குப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில் பாறை துளைக்கிற இயந்திரத்தில் வேலை பார்த்தவன். அவன் மனைவி எக்ஸில்டா செரெஞ்சே பக்கத்துக்காரி, வேறு மொழி, வேறு இனம். சந்தையில் காய்ந்த மீன் விற்றுக்கொண்டிருந்தவளை அவன் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டான். அவளுக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் புருஷன் பஸ் கவிழ்ந்து செத்தவன். ராட்வெல்லின் வீட்டார் அதைக் கல்யாணத்தன்று பேசவில்லை. அவனுக்குக் கண் மஞ்சளானதும் பேசத் தொடங்கினார்கள்.

அவன் செத்ததும், கசெம்பா தாண்டி மண்சாலையில் வெகுதூரம் உள்ளே இருக்கிற அவர்களுடைய ஊரில் புதைப்பது என்று அண்ணன் லெவி முடிவு செய்தார். போனிஃபேஸின் லாரியைப் பேசினார்கள். அந்த லாரி போனிஃபேஸ் வாங்கும்போதே கிழடு. மூன்றாவது கியர் விழாது, இடது கதவு கயிற்றால் கட்டியது. ஆனால் எஞ்சின் நம்பகமானது. "அது மட்டும் என்னைக் கைவிட்டதில்ல சார்," என்றான். கைவிட்டதில்லை என்பதை அவன் இறந்தகாலத்தில்தான் சொல்கிறான்.

காலையில் கிளம்பினார்கள். நடுவில் பெட்டி, சுற்றிலும் சனம். பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். எக்ஸில்டா பெட்டியின் தலைமாட்டில் துணியால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் ராட்வெல்லின் தங்கை ஜெலீட்டா.

கசெம்பா வரைக்கும் நிறுத்தி நிறுத்திப் போனதில் ஒன்றும் தெரியவில்லை. மண்சாலையில் இறங்கிக் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் இரண்டு முறை செருமியது, வேகம் குறைந்தது, நின்றது.

3

முதல் நிறுத்தம். எல்லோரும் இறங்கினார்கள். போனிஃபேஸ் டீசல் ஃபில்டரைக் கழற்றினான். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. மழைக்காலத்தில் யார் டிரம்மிலிருந்து டீசல் வாங்கினாலும் இருக்கும். கொட்டினான், மறுபடி மாட்டினான். குழாய்க்குள் புகுந்த காற்றைக் கைப்பம்பால் அடித்து வெளியேற்றினான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தண்ணீர்தான் கோளாறு என்று நினைத்து வெளியே எட்டி "ஏறுங்க, ஏறுங்க" என்றான்.

(இங்கே ஒரு தவறு நடந்தது. அது போனிஃபேஸுக்குப் பின்னால்தான் புரிந்தது. கோளாறைத் தேடுகிறவன் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதற்கும் வண்டி ஓடியதற்கும் சம்பந்தம் உண்டா என்று நின்று பார்க்க வேண்டும். வெயிலில் பெட்டியை வைத்துக்கொண்டு யாரால் நின்று பார்க்க முடியும்?)

கொஞ்ச தூரம்தான். மறுபடி செருமல், மறுபடி நின்றது.

இரண்டாம் நிறுத்தத்தில் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தான். டீசல் பாதிக்கு மேல் இருந்தது. மூடியை இறுக்கிப் பூட்டினான். டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற பம்பைச் சந்தேகப்பட்டு அதைப் பிரித்து, வாயால் உறிஞ்சிப் பார்த்து, துப்பிவிட்டு மாட்டினான். அந்த நேரம் எக்ஸில்டா ஒதுங்குவதற்காகப் புதருக்குள் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் எஞ்சின் உறுமியது. எல்லோரும் ஏறினார்கள். அவள் ஓடிவந்து கடைசியாக ஏறினாள். வண்டி நகர்ந்தது. வளைவு தாண்டி, மேடு ஏறி, கொஞ்ச நேரத்தில் செத்தது.

பின்னாலிருந்து யாரோ சொன்னார்களாம், அவள் இறங்கினால் ஸ்டார்ட் ஆகிறது, ஏறினால் நிற்கிறது என்று. யார் என்று போனிஃபேஸுக்குத் தெரியாது. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தான். ஜெலீட்டா, சொன்னது நான் இல்லை என்கிறாள். எக்ஸில்டா, யாராக இருந்தால் என்ன என்கிறாள்.

4

லெவியைப் பற்றி.

முதல் பிரதியில் அவருக்குச் சிவந்த கண்களும் தடித்த கழுத்தும் கொடுத்திருந்தேன். படித்துக் காட்டியபோது போனிஃபேஸ் முகம் சுளித்தான். "லெவி அண்ணன் ஒல்லி சார். சத்தமாக்கூடப் பேச மாட்டார்." ராட்வெல்லுக்கு உடம்பு சரியில்லை என்றதும் ஊரிலிருந்து வந்து, சைக்கிள் பின்னால் அவனை உட்காரவைத்து, விழாமல் தன் இடுப்போடு துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனவர் அவர்தான். அன்றைக்கு ஒவ்வொரு தடவை வண்டி நின்றபோதும் மற்றவர்கள் நிழலுக்குப் போனார்கள். அவர் மட்டும் மேலேயே இருந்தார். இலைக் கொத்து ஒன்றை ஒடித்து வைத்துக்கொண்டு பெட்டிமேல் வந்த ஈக்களை ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நிறுத்தத்தில் பெட்டியிலிருந்து வாடை வரத் தொடங்கிவிட்டது. தம்பியின் வாடை மற்றவர்கள் மூக்குக்கு எட்டக் கூடாது என்று அவர் இன்னும் வேகமாக வீசினார்.

இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கழுத்துத் தடித்தவராக இருந்தால் கதை எனக்கு எளிது. உங்களுக்கும் எளிது.

அந்தப் பக்கத்தில் இது புதிதும் இல்லை. செத்தவன் பெட்டிக்குள்ளிருந்து தன்னைக் கொன்றது யார் என்று காட்டாமல் நகர மாட்டான் என்பது பலருக்கும் கண்ணால் கண்ட விஷயம். தோளில் தூக்குகிறவர்களைப் பெட்டியே இழுத்துக்கொண்டு போய் ஒருவர் வாசலில் முட்டும். லாரி வந்த பிறகு பெட்டிக்கு முட்ட வழியில்லை. நிற்கத்தான் முடியும்.

5

மூன்றாம் நிறுத்தம். ஓடைமேல் போட்ட சிறு பாலத்தைத் தாண்டிய ஏற்றம். இருபுறமும் காடு, ஒரு குடிசை கிடையாது.

போனிஃபேஸ் டேங்க் மூடியை மறுபடி கழற்றி, கந்தலில் சுற்றி ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் போட்டான். குழாயை எஞ்சின் பக்கம் பிடுங்கி வாயால் ஊதினான். டேங்குக்குள் குமிழி வந்தது, அடைப்பு இல்லை. குழாயை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் பேச்சு அடங்கியதைக் கவனித்தான். பாட்டு எப்போதோ நின்றிருந்தது. எட்டிப் பார்த்தான்.

பேசிக்கொண்டிருந்தவள் ஜெலீட்டா.

"அண்ணி, கோவிச்சுக்காத. நீ கொஞ்சம் இங்கயே நில்லு. நாங்க அந்த மேடு வரைக்கும் போயிப் பாக்கறோம். அப்பவும் வண்டி நின்னுடுச்சுன்னா இவங்க வாயெல்லாம் அடைஞ்சுடும். நானே ஓடிவந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

லெவி பெட்டியைப் பார்த்தபடி, ஓடினாலும் மேட்டில் நிறுத்திக் காத்திருப்போம் என்றார்.

யாரும் அவளைத் தொடவில்லை, தள்ளவில்லை. எக்ஸில்டா என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. காலையிலேருந்து நின்னு நின்னு வர்ற வண்டி. நான் இறங்கினா மட்டும் ஓடிடவா போவுது? நல்லதாப் போச்சு, இதோட பேச்சு முடியட்டும்னு நானேதான் குதிச்சேன்."

போனிஃபேஸ் குழாயை மாட்டி முடித்தான். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதைத் தவிர மண்டைக்குள் வேறெதுவும் இல்லை. பறந்துபோய் ஏறினான், சாவியைத் திருப்பினான்.

வண்டி ஓடியது.

மேட்டுக்கு வந்தது, ஓடியது. ஏற்றத்தில் இரண்டாவது கியரில்கூடத் திணறவில்லை. மேட்டில் லெவி கூரையைத் தட்டினாரா என்று கேட்டேன். தட்டியதாகத்தான் ஞாபகம் என்றான் போனிஃபேஸ். ஆனால் நிறுத்தினால் மறுபடி ஓடாதோ என்ற பயம் அவனுக்கு. அதனால் மிதித்தான். இரண்டாம் தடவை யாரும் தட்டவில்லை. கொஞ்ச தூரத்தில் பின்னால் பாட்டு ஆரம்பித்தது. காலையில் பாடியதைவிடப் பெரிய குரலில்.

அவள் சாலையில் நின்றுகொண்டிருந்தாள்.

"நின்னுடும், நின்னுடும்னு காதை வச்சிட்டே இருந்தேன். கர்த்தரே நிறுத்துங்கன்னு வாய்விட்டுச் சொன்னேன். சத்தம் சின்னதாச்சு. அப்புறம் பாட்டுதான் கேட்டுது. அப்புறம் அதுவும் கேக்கல."

6

டீசல் வண்டி பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. தெரிந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். டேங்கிலிருந்து டீசல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கென்று மூடியில் ஊசிமுனை அளவு துளை இருக்கும். துளை இல்லாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் பட்டினியில் சாகும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் எங்காவது இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும். மறுபடி ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிற்கும். போனிஃபேஸின் பழைய மூடியை அதற்கு முந்தைய வாரம் யாரோ திருடிவிட்டார்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து அவன் ஒன்றைத் தேடி வாங்கியிருந்தான். அச்சாகப் பொருந்தியது. துளை இல்லை.

மூன்றாம் நிறுத்தத்தில் அவன் அந்த மூடியைப் போட மறந்துவிட்டான். அவ்வளவுதான். அவள் இறங்கியதும் மூடி இல்லாமல் வண்டி புறப்பட்டதும் ஒரே நிமிஷத்தில் நடந்தன.

ஊர் போய்ச் சேர்ந்து, பெட்டியை இறக்கி, அவன் வண்டியிலேயே படுத்தபோது கந்தலுக்குள் ஏதோ முதுகில் குத்தியது. பிரித்துப் பார்த்தான். இறங்கிப் போய் டேங்கைப் பார்த்தான். வழியெல்லாம் டீசல் தளும்பி, பக்கம் முழுக்கப் புழுதி அப்பியிருந்தது.

குழியை மூடிக்கொண்டிருந்த லெவியிடம் மூடியோடு ஓடினான். அண்ணே, இதுதான், வேற ஒண்ணுமில்ல, நான் உடனே போய் அவங்களைக் கூட்டிட்டு வர்றேன் என்றான். லெவி மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலையிலேருந்து ரெண்டு தடவை இதைத் தொட்டிருக்க. அவ இறங்கினப்ப மட்டும் உன் கையை மறக்க வச்சது யாரு?"

போனிஃபேஸ் மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு லாரிக்கு ஓடினான்.

அவன் வண்டியைத் திருப்புவதற்குள் எக்ஸில்டா வந்துவிட்டாள். புருஷனைப் புதைக்கும்போது பெண்டாட்டி இருக்க வேண்டும் என்று காலில் செருப்பில்லாமல் நடந்தும் ஓடியும் வந்தவள், கடைசி மண் விழுந்த பிறகு ஊருக்குள் நுழைந்தாள்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. நீளமான பத்தி. எக்ஸில்டா கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டேன். அவளுடைய இடது கை இப்போது முழுதாக மூடாது என்பதை மட்டும் சொல்லலாம் என்றாள். மீன் எடை போடும்போது எல்லோரும் பார்ப்பதுதானே என்றாள்.]

அன்று மாலை போனிஃபேஸ் அவளை வண்டியில் படுக்கவைத்துக் கசெம்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். டேங்க் வாயில் கந்தலைச் செருகியிருந்தான். வண்டி வழியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

7

ஜெலீட்டாவைப் பார்க்கப் போனபோது மூடிக் கதையை அவளுக்கு விளக்கினேன். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அதன் வாயை இறுகக் கவ்வி உறிஞ்சச் சொல்லி, பாட்டில் ஒடுங்குவதைக்கூடக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள், குடிக்க முன்கோயோ என்கிற மக்காச்சோளப் பானம் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

"நீங்க அங்க இல்ல. நான் அந்த வண்டியில இருந்தேன். அவ இருந்தா நின்னுச்சு, இறங்கினா ஓடுச்சு. இதுல நான் எதைப் பொய்யாப் பாத்தேன்னு சொல்லுங்க."

எதையும் பொய்யாகப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். வாசலில் அவள், அண்ணிக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் சொன்னேன். இடுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

8

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடித்தும் வைத்திருந்தேன். ஆனால் லெவி சொல்வெசிக்கு வந்துவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். புருஷன் செத்த பெண்ணை அவனுடைய வீட்டார் கையில் வெள்ளைப் பாசிமணி கட்டி விடுவிக்க வேண்டும். விடுவிக்காதவரை செத்தவன் ஆவியாக அவள் மேலேயே இருக்கிறான். எக்ஸில்டாவை யாரும் விடுவிக்கவில்லை. செரெஞ்சேயில் அவளுடைய சொந்த அம்மாவே, மணி கட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டாள். சந்தையில் அவளிடம் வாங்குகிற கூட்டம் பாதியாகிவிட்டது. அவள் தொட்ட மீனை ராட்வெல்லும் தொட்டிருப்பான் என்று பேச்சு.

லெவி போனிஃபேஸின் முற்றத்துக்கு வந்து வெகுநேரம் லாரியையே பார்த்துக்கொண்டு நின்றாராம். இன்னும் ஒல்லியாகியிருந்தாராம். தூக்கம் இல்லை என்றாராம். தம்பிக்குச் சிமெண்டுக் கல் செய்திருக்கிறது, கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும், இதே லாரிதான் வேண்டும் என்றார். கல்லோடு எக்ஸில்டாவும் ஏற வேண்டும் என்றார்.

"தம்பி அவளை வர விட்டான்னா, என் கையாலயே மணி கட்டறேன். எல்லார் முன்னாடியும் கால்ல விழறேன்."

விடவில்லை என்றால் என்று போனிஃபேஸ் கேட்கவில்லை.

அவன் என்னிடம் வந்து புலம்பினான். ஃபில்டர் புதிது போட்டான். குழாய் மொத்தமும் மாற்றினான். பம்பை மாற்றினான். மூடியில் ஆணியால் துளை போட்டான், அது போதாதென்று பக்கத்தில் இன்னொன்று. ஆனாலும் அது கிழட்டு லாரி. நின்றுபோக நூறு காரணம் வைத்திருக்கும். எக்ஸில்டா அவனிடம் கேட்டது ஒரே கேள்வி:

"நிக்காதுன்னு சத்தியம் பண்ணுவியா?"

"பண்ண முடியாது, அக்கா."

அவள் கோபப்படவில்லையாம். இவன் ஒருத்தனாவது உள்ளதைச் சொல்கிறான் என்றாளாம்.

9

எனக்கு இப்போது முடிவுகள் வேண்டும்.

முதல் முடிவு. லாரி நிற்காமல் போகிறது. லெவி மணி கட்டுகிறார், அழுகிறார். அவள் செரெஞ்சேக்குப் பஸ் ஏறுகிறாள். (இதை எழுதி இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு யோசித்தேன். லாரி அவளை நிரபராதி என்று தீர்ப்பளித்தால், அன்றைக்கு அது அளித்ததும் தீர்ப்பு என்று ஆகிறது. அடுத்த சாவுக்கு அடுத்த விதவையையும் ஏற்றிப் பார்ப்பார்கள்.)

இரண்டாம் முடிவு. பாலம் தாண்டிய அதே ஏற்றத்தில் லாரி செருமுகிறது. காரணம் வேறு, துரும்பு மாதிரி ஏதோ ஒன்று. போனிஃபேஸ் குனிந்து தேடிக்கொண்டிருக்கிறான். பின்னால் பேச்சு அடங்குகிறது. அவன் தலையைத் தூக்கி (முடிக்கவில்லை)

மூன்றாம் முடிவு. அவள் ஏறவே இல்லை. மணியும் வேண்டாம், அம்மாவும் வேண்டாம், மீனை எடை போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறாள். (எனக்குப் பிடித்த முடிவு இதுதான். அவளிடமே சொன்னேன். உங்களுக்கென்ன சார், வீட்டுக்குப் போனா கதவு தெறக்க ஆள் இருக்கு என்றாள்.)

10

சனிக்கிழமை காலை நான் போனிஃபேஸின் முற்றத்துக்குப் போனேன். இந்த ஒன்றையாவது என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. கல் ஏற்றியாகிவிட்டது. லெவி அதன் பக்கத்தில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெலீட்டா, இன்னும் உறவுக்காரர்கள் சிலர். யாரும் பாடவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. போனிஃபேஸ் அணைக்கப் பயந்து விடியலிலிருந்தே ஓடவிட்டிருக்கிறான்.

எக்ஸில்டா வந்தாள். ஒரு சின்னப் பை, புதுச் செருப்பு. பின்பலகைக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள்.

"இதையும் எழுதுவீங்களா?"

"வேணாம்னா எழுதல."

"எழுதுங்க. நான் ஏறின வரைக்கும் எழுதுங்க. வண்டி ஓடுச்சா நின்னுச்சான்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. அதைக் கேக்கற ஆளுங்களை நிறையப் பாத்துட்டேன்."

மேலேயிருந்து ஜெலீட்டா கை நீட்டினாள். எக்ஸில்டா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பலகையைத் தானே பிடித்து, ஒரு கையால் உந்தி ஏறினாள். லாரி தெருமுனையில் திரும்பியது. நான் அங்கேயே நின்றேன். சத்தம் சின்னதாகிக்கொண்டே போனது.

அவள் கேட்டபடி இதற்குமேல் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலை போனிஃபேஸ் புழுதியோடு என் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்ததும் நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, எக்ஸில்டா எப்படி இருக்கிறாள் என்பதல்ல.